ஜனவரி எங்களுக்கு, பெப்ரவரி அவர்களுக்கு

1

போன வாரம் எங்கள் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் ஒரு போர்டைக் காலி செய்தார்கள். குத்தியிருந்த ஊசிகளைக்கூட விடவில்லை. மேனேஜர் அவற்றை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் போர்டில் செல்விக்காவுடைய அக்காவின் படம் இருந்தது. அந்தப் படத்தை மாட்டி வைக்க அவருக்கு வேறு சுவர் கிடையாது. போர்டு காலியானதற்குக் காரணம் நான்தான். இது இங்கே எனக்கும் இன்னொருவருக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கு இதை எழுதுவதால் இனி உங்களுக்கும் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். யாருக்கு அதிக நிம்மதி என்று இன்னும் தீரவில்லை. கொழும்பில் இரும்புக் கடையில் கொஞ்ச காலம். இப்போது நாலு வருடமாக டொராண்டோவின் கிழக்கு ஓரத்தில், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஒரு பெரிய லாண்டரியில் இருக்கிறேன். மாமா ஒருவர் வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறார். பொய் இல்லை. கம்பெனிதான். வெளிநாடுதான்.

ஈரமான படுக்கை விரிப்பை உருளை மெசினுக்குள் விட இரண்டு பேர் வேண்டும். இரண்டு முனை என் கையில், இரண்டு முனை செல்விக்கா கையில். அவர் உடப்புசல்லாவைப் பக்கம். கலியாணம் முடித்து இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். அந்த லாண்டரியில் தமிழ் ஆட்கள் நிறையப் பேர். மலையக ஆட்கள் என்றால் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

2

இந்த நாட்டில் மாதங்களைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி தமிழருக்கு. பெப்ரவரி கறுப்பின மக்களின் வரலாற்றுக்கு. மே ஆசியருக்கு, ஜூன் இந்த மண்ணின் பழங்குடிகளுக்கு. முதல் வருடம் இதைக் கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மூக்கு உறைந்து கையோடு வந்துவிடுகிற மாதமாகப் பார்த்து நமக்குத் தள்ளிவிட்டிருக்கிறான் என்றேன். பொங்கல் வருகிறதே, அதற்காக நாம் கேட்டு வாங்கிய மாதம் என்று விளக்கினார் கருணா அண்ணன். அப்படியும் சிரிப்பு அடங்கவில்லை.

துணி மடிக்கிற பகுதிக்கு அவர்தான் சூப்பர்வைசர். யாழ்ப்பாணத்து ஆள், நல்ல மனிதர். நான் பேசும் தமிழைக் கேட்டு, நீங்கள் இந்தியாவில் எந்தப் பக்கம் என்று முதல் நாள் கேட்டவர். தலவாக்கலை என்றேன். அது மதுரைக்குப் பக்கமா என்றார். மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் எங்களோடு ஒரே தீவில் இருந்தவர். ரயிலில் ஒரு நாள் ஏறியிருந்தால் போதும்.

போர்டு அவருடைய பொறுப்பு. ஒவ்வொரு ஜனவரியும் பனைமரம், கோயில் தேர், வீணை, பட்டுச் சேலை கட்டிய பிள்ளைகள் என்று படங்களைக் குத்துவார். இந்த வருடம் எங்களையும் சேர்க்க நினைத்து, வலையிலிருந்து ஒரு படம் இறக்கி வலது பக்கக் கீழ் மூலையில் குத்தினார். கொழுந்து பறிக்கும் பெண். வந்து பாருங்கோ தம்பி, உங்கட ஆக்களும் நிக்கினம் என்று சந்தோஷமாகக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். சிவப்புப் பட்டு, உதட்டுச் சாயம். கூடை தோளில் கைப்பை மாதிரித் தொங்குகிறது. கூடைக் கயிறு தலையில் இல்லை. இடுப்பில் படங்கு கிடையாது. பனியும் செடியின் குச்சியும் கிழிக்காமல் இருக்க நம் அம்மாமார் சுற்றிக்கொள்வார்களே சாக்கோ பொலித்தீனோ, அது. கையில் இரண்டு இலையும் மொட்டும் இல்லை, முற்றிப்போன ஒரு கிளை. அதைக் கொண்டுபோய்த் தராசில் வைத்தால் கணக்கப்பிள்ளை அந்த இடத்திலேயே கொட்டிவிடுவார். ரோட்டோரத்தில் வாடகைச் சேலையும் கூடையும் கொடுத்து சுற்றுலா ஆட்களைப் படம் எடுக்க விடுகிறார்களே, அப்படி எடுத்த படம். நம் மாதத்தில் நமக்குக் கிடைத்த மூலையில் ஒரு டூரிஸ்ட் நின்று சிரிக்கிறாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. வாயை அடக்கினால் கை சும்மா இருக்காது. யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு ஒட்டுத் துண்டில் இங்கிலிஷில் எழுதிப் படத்தின் கீழ் ஒட்டினேன். இவர் சுற்றுலாப் பயணி, சேலை வாடகைக்கு. அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பாட்டு அறை முழுக்கச் சிரிப்பு. யார் எழுதியது என்று கேட்டவர்களோடு சேர்ந்து நானும் கேட்டேன்.

3

செல்விக்காவின் அக்கா தெய்வானை நவம்பர் கடைசி மழையில் போய்விட்டார்.

அந்த ராத்திரி முழுக்க மலை சத்தம் போட்டதாம். விடிந்ததும் எல்லோரும் லயத்து வரிசை வீடுகளை விட்டு மேலே இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏறியிருக்கிறார்கள். தெய்வானை அக்காவும் ஏறிவிட்டார். ஏறினவர் திரும்பி இறங்கினார். பையை மறந்துவிட்டாராம்.

எந்தப் பை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே உள்ளவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. நம் லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஆணியில் ஒரு பை தொங்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தாத்தா காலத்துப் பிரஜாவுரிமைக் கடுதாசி, தோட்டத்தில் பெயர் பதிந்த துண்டுச் சீட்டு. வீட்டில் தங்கம் இருந்தால் பெட்டிக்குள் இருக்கும், கடுதாசி மட்டும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். கடுதாசி இல்லாததால் ஒரு தலைமுறையே எந்த நாட்டு ஆள் என்று தெரியாமல் கிடந்த ஜனம். தீப்பிடித்தால் மற்றவர்கள் பிள்ளையைத் தூக்குவார்கள், நம் ஆட்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பைக்குத் திரும்புவார்கள். உலகத்தில் வேறு யாரும் செய்யாத தப்பு இது. தெய்வானை அக்கா கீழே போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மண் வந்ததையும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆள் கிடைக்கவில்லை.

காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று பதிய ஒரு படிவம் கொடுத்தார்கள். கிராமத்து அதிகாரி சிங்களத்தில் பொறுமையாக விளக்கினாராம். நெருங்கிய சொந்தம் கையெழுத்துப் போட வேண்டும். தெய்வானை அக்காவின் புருஷன் முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இருப்பது அம்மா மட்டும்தான். அந்த அம்மா விரலை மடக்கிக்கொண்டார். நான் கைநாட்டு வெச்சா நானே அவள மண்ணுக்குள்ள தள்ளுன மாதிரி என்று சொல்லிவிட்டார். இன்னும் மகள் ஏதோ ஆஸ்பத்திரியில் பேச்சு இல்லாமல் படுத்திருப்பதாகத்தான் அவர் கணக்கு. அதனால் மேளம் இல்லை, பதினாறாம் நாள் இல்லை, படத்துக்கு மாலை இல்லை. மாலை போட்ட படம் அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று சொந்தக்காரர்கள் வீட்டிலும் யாரும் படம் வைக்கவில்லை.

இங்கே டொராண்டோவில் செல்விக்காவின் வீட்டிலும் அதே கதிதான். அம்மா தினமும் வீடியோவில் வருவார். கேமராவை அங்கே காட்டு, இங்கே காட்டு என்பார். சுவரில் ஒரு படம் புதிதாகத் தொங்கினால் பிடித்துவிடுவார். செல்விக்காவுக்கு அழுவதற்குக் குளியலறை மட்டும்தான் மிச்சம்.

4

என் ஒட்டுத் துண்டு போட்ட போடு கருணா அண்ணனைத் தொட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. செல்விக்காவிடம் வந்து, தங்கச்சி, இது மெய்யே என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றிருக்கிறார் இவர். அப்ப சரியான படம் உங்களிட்ட இருக்கோ என்று அவர் கேட்டார்.

இருந்தது. தெய்வானை அக்காவின் படம், போனில் மூன்று வருடமாக இருந்தது. மலைச் சரிவு, தலையில் கயிறு, முதுகில் கொழுந்துச் சாக்கு, இடுப்பில் கறுப்புப் பொலித்தீன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாருடா படம் எடுக்கிறது என்று திட்டப்போகிற முகம். செல்விக்காவின் மகள் மிதுனாவுக்குப் பதின்மூன்று வயது. இதைப் பள்ளிக்கூடத்தில் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தவள் அவள்தான். கொடுக்கும்போது, பெரியம்மா ஏன் குப்பைப் பையைக் கட்டியிருக்கிறார், நான் வேண்டுமானால் அதை அழித்துத் தரட்டுமா என்று இங்கிலிஷில் கேட்டாளாம். அவள் பள்ளிக்கூடத்திலும் தமிழ் மாதம் நடக்கிறது. அங்கே அவள் யாழ்ப்பாணம். அப்பா ஊரைச் சொன்னால் ஒரு வார்த்தையில் முடிகிறது, அம்மா ஊரைச் சொன்னால் பிறகு எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருக்கிறது என்பது அவளுடைய நியாயம். செல்விக்கா அவளை வையவில்லை. அழிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை படம் போர்டில் ஏறியது. மூலையில் இல்லை, நடுவில். தேரைக் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணியிருந்தார் கருணா அண்ணன். கீழே பெயர், தோட்டம், மண்சரிவில் இறந்தார் என்று தமிழிலும் இங்கிலிஷிலும் ஒரு வரி. அன்றைக்குச் செல்விக்கா தலைக்குக் குளித்து, முடியை நுனியில் மட்டும் முடிந்துகொண்டு வந்தார். சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறக்காமல் போர்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய், என்னக்கா இன்னைக்கு விரதமா என்று கிண்டலாகக் கேட்கப் போனவன், பாதியில் புரிந்து வாயை மூடிக்கொண்டேன். நடந்துகொண்டிருந்தது சாவு வீடு. ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற சாவு வீடு.

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. என் குறும்பால்தானே டூரிஸ்ட் இறங்கி தெய்வானை அக்கா ஏறினார்.

திங்கட்கிழமை காலை போனால், படத்தின் மேல் என் துண்டு.

டூரிஸ்ட் படத்தைக் கழற்றியபோது அந்தத் துண்டு போர்டின் சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. யாரோ சனி ஞாயிறில் அதைப் பிய்த்து தெய்வானை அக்காவின் இடுப்பில் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். கீழே இருந்த வரியைப் படித்தார்களோ இல்லையோ. சுற்றுலாப் பயணி, சேலை வாடகைக்கு. என் கையெழுத்து. ஒருவர் தொடங்கினால் மற்றவர்களுக்கும் கை ஊறுகிறது. தேருக்குக் கீழே, எங்கள் மாதம் எது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே வெள்ளைக்காரருக்கு எந்த மாதம் என்று இன்னொருவர். வீணைக்கு மீசை.

செல்விக்கா துண்டைப் பிய்த்தார். பசை விடவில்லை. பொலித்தீன் இருந்த இடத்தில் வெள்ளையாகப் படத்தின் தோல் உரிந்து வந்தது.

5

மேனேஜர் லிண்டா புதன்கிழமை எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூட்டினார். இப்படி மாதம் மாதமாகப் பிரித்துக் கொண்டாடுவது தேவையா, மனதில் இருப்பதைப் பேசுங்கள் என்றார். சம்பளத்தோடு அரை மணி நேரம். அதனால் எல்லோரும் பேசினார்கள்.

போலந்துக்காரி அன்னா முதலில் எழுந்தார். அவருடைய ஆட்களும் பட்டினி கிடந்தவர்கள்தான், அவர்களுக்கு மாதம் இல்லை. சரித்திரம் என்றால் எல்லாப் பிள்ளைகளும் எல்லாரைப் பற்றியும் வருடம் முழுக்கப் படிக்க வேண்டும், ஆளுக்கொரு பெட்டி கொடுத்தால் ஒருவர் பெட்டியை இன்னொருவர் திறக்க மாட்டார் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் பெட்டியை முப்பது வருடம் திறக்காத கருணா அண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

அவர் எழுந்து, மாதம் இல்லாவிட்டால் இங்கே எங்கள் பெயரை யார் உச்சரிக்கப் போகிறார்கள் என்று கேட்டார். பிள்ளைகள் வருடத்தில் ஒரு நாளாவது வேட்டி கட்டுவது இந்த மாதத்தால்தான் என்றார். அதுவும் உண்மை.

பிறகு வின்ஸ்டன். அழுக்குத் துணி பிரிக்கிற பக்கம் வேலை செய்பவர், ஜமைக்காவிலிருந்து சின்ன வயதில் வந்தவர், இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. அதிகம் பேச மாட்டார். ஒவ்வொரு பெப்ரவரியும் போர்டில் ஒரு படம் போடுவார். அவருடைய அம்மா. ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவர். அவர் உட்கார்ந்தபடியே சொன்னார், "பதினொரு மாதம் என் அம்மா என் லாக்கருக்குள்ளே இருக்கிறார். ஒரு மாதம் வெளியே வருகிறார். அது போதுமா என்றால் போதாது. அதற்காக அந்த ஒரு மாதத்தையும் எடுத்துவிட்டால் அவர் வருடம் முழுக்க வெளியே வந்துவிடுவாரா? லாக்கரில்தான் இருப்பார்."

லிண்டா நன்றி சொன்னார்.

அடுத்து செல்விக்காவைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்கிறீர்களா என்றார். செல்விக்கா எழுந்தார். அவருக்கு இங்கிலிஷ் என்னை விட நன்றாக வரும். அன்றைக்கு வரவில்லை. படத்தைக் காட்டி, மை சிஸ்டர் என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அந்த இடத்தில் நான் எழுந்து, முதலில் எழுதியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தேன். பிறகு என் விசா ஞாபகம் வந்தது. வேலை போனால் என்ன ஆகும் என்று ஞாபகம் வந்தது. வாயாடி என்று பெயர் எடுத்தவனுக்கு வாய் ஒட்டிக்கொண்டது.

லிண்டா கெட்டவர் இல்லை. சண்டை வேண்டாம் என்று பார்த்தார். இனிமேல் போர்டில் எந்த இனத்துக்கும் தனி மாதம் கிடையாது, எல்லாருக்கும் பொதுவாக ஒரு போஸ்டர் என்று முடிவு சொன்னார். அடுத்த நாளே போர்டைக் காலி செய்து, பல நிறத்துக் கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் போஸ்டரை ஒட்டினார்கள். கைக்குக் கீழே ஆள் இல்லை. யாருடைய கை என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாருக்கும் சண்டையும் இல்லை.

மாதம் வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் என்னைக் கேட்டால், ஜனவரி தொடக்கத்தில் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு இனத்துக்கு மாதம் கொடுத்தால், அதற்குள் ஊசி யார் கையில் இருக்கிறதோ அவருடைய ஊரின் படம்தான் நடுவில் ஏறும். எங்களுக்கு மூலையும் டூரிஸ்டும். இப்போது அப்படிச் சொல்ல நா எழவில்லை. மூலை இருந்தால் மூலையில் நின்று சண்டை போடலாம். அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை நடுவுக்கு வந்தோம். இப்போது சண்டை போட மூலையும் இல்லை. வின்ஸ்டனின் பெப்ரவரியும் எங்களோடு சேர்ந்து போய்விட்டது. அவர் எங்களைக் கோபித்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

6

போர்டு காலியான மறுநாள், வெள்ளிக்கிழமை, மெசினில் விரிப்பை விட்டுக்கொண்டே சொன்னேன். நேரே பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. நடுவில் வெள்ளைத் துணி இருந்தது நல்லதாகப் போயிற்று.

"அக்கா, அந்தத் துண்டு எழுதினது நாந்தான்."

"தெரியும்டா."

"எப்பிடி?"

"அது வாடகைச் சேலைன்னு இங்க நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குடா தெரியும்? நான் எழுதல."

துண்டை ஒட்டின நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் எழுந்து நின்றபோதும் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அடுத்த விரிப்பின் முனையை எடுத்து என் பக்கம் வீசினார்.

"சொன்னா ஒன்ன அனுப்பிருவாங்க. அப்பறம் நான் யாருகூட நம்ம பேச்சு பேசறது?"

மெசின் நாலு விரிப்பை விழுங்கும் வரை தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டே முனையைப் பிடித்தேன். பிறகு அவரே சொன்னார். "அழுது என்ன பண்ணப் போற. போயி கேதம் சொல்லு. அது ஒருத்தரும் சொல்லல."

தோட்டத்தில் சாவுச் செய்தியைப் போனில் சொன்னால் சொன்னதாகக் கணக்கில்லை. ஒரு ஆள் நடந்து போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, உட்காராமல், தண்ணீர் வாங்கிக் குடிக்காமல், இன்னாருடைய மகள் இன்னார் தவறிவிட்டார் என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். நான் சின்ன வயதில் அந்த ஆளின் பின்னால் அவர் நடையைப் போல நடந்து காட்டி அடி வாங்கியவன்.

தேநீர் நேரத்தில் மேசை மேசையாகப் போனேன். என் இங்கிலிஷ் உங்களுக்குத் தெரியும். செல்வியின் அக்கா, பெயர் தெய்வானை, நவம்பரில் மண் விழுந்து இறந்துவிட்டார். அவ்வளவுதான் சொன்னேன். அன்னா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு மேசையில் இருந்த இரண்டு பேர் நான் மறுபடி ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள். அந்தச் சிரிப்பு நான் இத்தனை நாள் சம்பாதித்தது. கருணா அண்ணன் எழுந்து நின்று கேட்டார். லிண்டா கதவருகில் நின்று கேட்டுவிட்டு, சாரி என்றார்.

வின்ஸ்டன் நாற்காலியைக் காட்டினார். உட்காரக் கூடாது என்றேன். காரணம் கேட்கவில்லை. பெயரை இன்னொரு தடவை சொல் என்றார். சொன்னேன். அவர் வாயில் அது உடைந்துதான் வந்தது. மூன்று தடவை முயன்று ஓரளவுக்குச் சரியாகச் சொன்னார். பிறகு தன் அம்மாவின் பெயரைச் சொன்னார். நானும் சொல்லிப் பார்த்தேன்.

திரும்பி மெசினுக்கு வந்தபோது செல்விக்கா கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் சொல்லிட்டியா என்றார். எல்லாருக்கும் சொல்லிவிட்டேன் என்றேன்.

"எங்கம்மாவுக்கு?"

அவரே, வேண்டாம் என்றார். இதை ஊருக்கு எழுதுவியா என்று கேட்டார். எழுதுவேன் என்றேன். எழுதிக்கோ, ஆனா அம்மா வாசல்ல யாரும் வந்து நின்னுறக் கூடாது என்றார்.

அதனால் ஊரை மாற்றியிருக்கிறேன். எங்கள் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். தெய்வானை என்பது அவர் பெயர் இல்லை.